படத்தில் அந்தப் பசி எங்கே போனது?

கேள்வி இதுதான்: "தி ஹங்கர் கேம்ஸ் நாவலை மூன்றே நாளில் படித்து முடித்தேன். உடனே 2012இல் வந்த படத்தையும் பார்த்தேன். கதை அப்படியே இருக்கிறது, நடிப்பும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஏதோ ஒன்று இல்லை. அது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த படங்களைப் பார்க்கலாமா? என் 13 வயதுத் தங்கைக்குப் புத்தகத்தை முதலில் கொடுப்பதா, படத்தை முதலில் காட்டுவதா?"

உங்களுக்குத் தோன்றியது சரிதான். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் இதே உணர்வுதான், எது குறைகிறது என்று பிடிபடுவதற்குள் படத்தை இன்னும் மூன்று தடவை பார்த்துவிட்டேன், நாவலையும் திரும்பப் படித்துவிட்டேன். கதை தெரியாதவர்களுக்காக ஒரு வரி: கேபிடல் என்ற தலைநகரம் ஆளும் நாட்டில் வருடந்தோறும் 12 மாவட்டங்களிலிருந்து 24 பிள்ளைகளைக் குலுக்கலில் எடுத்து, ஓர் அரங்கத்துக்குள் ஒருவரையொருவர் கொல்லவிட்டுத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள், தங்கை பிரிமுக்குப் பதிலாகப் போகும் காட்னிஸும் அவள் மாவட்டத்துப் பையன் பீட்டாவும் அதில் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் பொதுவாக எல்லோரும் விடுபட்டவற்றின் பட்டியலைத்தான் எடுத்து நீட்டுவார்கள்: மேயரின் மகள் மாட்ஜ் இல்லை, நாக்கு அறுக்கப்பட்ட பணிப்பெண்ணின் கதை இல்லை, கடைசியில் பீட்டா காலை இழப்பது இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் இவை எல்லாவற்றையும் சேர்த்து நாலு மணி நேரப் படமாக எடுத்திருந்தாலும் உங்களுக்கு அதே ஏமாற்றம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நாவல் எப்படித் தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். காட்னிஸ் கண் விழிக்கிறாள், பக்கத்தில் படுத்திருந்த தங்கையின் கதகதப்பைக் கை தேடுகிறது, அந்த இடம் சில்லென்று கிடக்கிறது. அவ்வளவுதான், அந்த நொடியிலிருந்து நாம் அவள் தலைக்குள் இருக்கிறோம், கடைசிப் பக்கம் வரை வெளியே வருவதே இல்லை. இப்போது படத்தின் தொடக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி மேடையில் சீசர் ஃபிளிக்கர்மேன் உட்கார்ந்துகொண்டு போட்டியை வடிவமைக்கும் செனெகா கிரேனைப் பேட்டி எடுக்கிறார். அந்தப் பேச்சை வெட்டிக்கொண்டு பிரிமின் அலறல் வருகிறது, அதற்குப் பிறகுதான் காட்னிஸையே பார்க்கிறோம். முடிவும் அப்படித்தான். நாவல் அவள் கேமராக்களுக்காகப் பீட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அதை விட வேண்டிய நொடியை நினைத்துப் பயந்து நிற்பதோடு முடிகிறது, படமோ திரையில் அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கும் அதிபர் ஸ்னோவோடு முடிகிறது. வேடிக்கை பார்ப்பவர்களிடம் தொடங்கி வேடிக்கை பார்ப்பவரிடம் முடியும் படம் அது. நாவலில் நாம் பார்க்கப்படுகிற பெண்ணாக இருந்தோம், படத்தில் நம்மை எழுப்பிப் பார்க்கிற கூட்டத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். உங்களுக்கு இல்லாமல் போனது அந்த இடம்தான்.

சூசன் காலின்ஸ் 2008இல் வெளிவந்த இந்த நாவலை எழுதும் முன்பு பல வருடங்கள் குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஓர் இரவு சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் ரியாலிட்டி போட்டியும் இன்னொரு பக்கம் ஈராக் போர்க் காட்சிகளும் மாறி மாறி வந்து ஒன்றோடொன்று கலந்ததில்தான் இந்தக் கதை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கேமரா என்ன செய்யும் என்று தெரிந்த ஒருவர், வேண்டுமென்றே கேமராவால் நுழைய முடியாத இடத்திலிருந்து கதை சொன்னார். தன்மையில், நிகழ்காலத்தில். "நான் ஓடுகிறேன், நான் ஒளிகிறேன்" என்கிற நடை. அவள் பிழைப்பாளா என்று அவளுக்கே தெரியாததால் நமக்கும் தெரியாது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் தண்ணீர். அரங்கத்துக்குள் வந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியும் காட்னிஸுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. நாக்கு வறண்டு கால் தள்ளாடுகிறது. வெளியே அவளுடைய வழிகாட்டி ஹேமிட்ச் கையில் ஆதரவாளர்கள் கொடுத்த பணம் இருக்கிறது, அவர் நினைத்தால் ஒரு பாராசூட்டில் தண்ணீர் அனுப்பலாம். அவள் வாய்விட்டுக் கேட்கிறாள், எதுவும் வரவில்லை. முதலில் கோபம், தன்னைக் கைவிட்டுவிட்டாரோ என்ற சந்தேகம், பிறகு மெதுவாக ஒரு எண்ணம்: அவர் அனுப்பாததே ஒரு செய்தியாக இருந்தால்? தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது என்பதால்தான் அனுப்பவில்லை என்றால்? அதை நம்பி எழுந்து நடக்கிறாள், கொஞ்ச தூரத்தில் சேறு, அல்லிப்பூ, குளம். இத்தனை பக்கங்களிலும் வெளியே நடந்தது ஒன்றுமே இல்லை. ஒருவர் எதையும் அனுப்பவில்லை, அவ்வளவுதான். இதைக் கேமரா எப்படிக் காட்டும்? வராத பாராசூட்டை எப்படிப் படம் பிடிப்பது? அதனால் படம் அந்தப் பகுதியைத் தொடவே இல்லை. அதற்குப் பதிலாக ஹேமிட்ச் அனுப்பும் பொருட்களோடு துண்டுச்சீட்டு வைத்துவிட்டார்கள். சூப்போடு வரும் சீட்டில், இதையா முத்தம் என்கிறாய் என்று கேட்டிருக்கும். நாவலில் சீட்டே கிடையாது. இன்னும் கொஞ்சம் காதலிப்பது போல நடி, அப்போதுதான் சாப்பாடு வரும் என்பதை அந்த சூப் வந்து சேர்ந்த நேரத்தை வைத்து அவளே கண்டுபிடிக்கிறாள். படிக்கிற நாமும் அவளோடு சேர்ந்து கண்டுபிடிக்கிறோம். படத்தில் அது எழுதியே வந்துவிடுகிறது.

காதல் விஷயத்திலும் இதுதான் நடந்தது. நாவலில் குகைக்குள் அவள் பீட்டாவை முத்தமிடும் ஒவ்வொரு முறையும், இது கேமராவுக்கா, எனக்கா, பீட்டாவுக்கா என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. பல சமயம் அவளுக்கே விடை தெரிவதில்லை. படத்தில் ஜெனிஃபர் லாரன்ஸின் முகத்தில் அந்தத் தயக்கம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை, அந்த நடிகையால் முடிந்ததையெல்லாம் செய்திருக்கிறார். ஆனால் நாவலைப் படிக்காத ஒருவர் அந்தக் காட்சியைப் பார்த்தால் இரண்டு பேர் காதலிக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார், கேபிடல் மக்கள் எடுத்துக்கொண்டது போலவே.

சரி, இப்போது பசிக்கு வருகிறேன். இதுதான் எனக்கு அதிகம் வலித்த இடம், ஏனென்றால் தலைப்பிலேயே பசி இருக்கிறது. படம் வந்த சமயத்தில் நாயகி போதுமான அளவுக்கு மெலியவில்லை என்றெல்லாம் எழுதினார்கள். அது எனக்கு மிகவும் தவறான பேச்சாகப் பட்டது. நாவலில் பசி உடம்பில் தெரிகிற விஷயமே இல்லை, அவள் யோசிக்கிற விதத்தில் இருக்கிறது. டெஸ்ஸரே என்ற ஏற்பாட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 12 வயதானால் குலுக்கலில் உங்கள் பெயர் ஒரு தடவை சேரும், ஒவ்வொரு வருடமும் ஒன்று கூடும். ஏழையாக இருந்தால் ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாகப் பெயரை இன்னொரு தடவை எழுதிப் போடலாம். காட்னிஸ் தனக்கு, அம்மாவுக்கு, பிரிமுக்கு என்று மூன்று, கட்டாயமானது ஒன்று, ஆக வருடத்துக்கு 4. 16 வயதில் அவள் பெயர் 20 தடவை உள்ளே இருக்கிறது. அவள் நண்பன் கேல் வீட்டில் ஐந்து பேர், வருடத்துக்கு 6, ஏழு வருடத்தில் 42. பிரிமின் பெயர் ஒரே ஒரு சீட்டு, அதுதான் வருகிறது. ஒவ்வொரு கைப்பிடி தானியமும் சாவதற்கான வாய்ப்பைக் கூட்டிக்கொண்டு வாங்கியது என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். படத்தில் 42 என்ற எண் ஒரு வசனத்தில் வருகிறது, போகிறது. புத்தகம் படிக்காத என் நண்பர்களுக்கு அந்த எண் காதிலேயே விழவில்லை.

அந்தக் கணக்கு அவளை விட்டுப் போவதே இல்லை. கேபிடலில் முதல் முறையாக ஒரு பொத்தானை அழுத்தியதும் முழுச் சாப்பாடு வந்து நிற்கும்போது, இதை நான் ஊரில் எப்படிச் செய்வேன் என்று யோசிக்கிறாள். கோழிக்குப் பதில் காட்டு வான்கோழி, பாலாடைக்கு ஆட்டுப்பால் என்று மனசுக்குள் சேர்த்துப் பார்த்து, இந்த ஒரு வேளைக்கு நான் எத்தனை நாள் வேட்டையாட வேண்டும் என்று எண்ணுகிறாள். படத்தில் கேபிடலின் சாப்பாட்டு மேசை அழகாக, வண்ணமயமாக இருக்கிறது. அவள் எண்ணுவதுதான் இல்லை. பீட்டா கருகிய ரொட்டியை மழையில் எறியும் காட்சியும் வசனமில்லாமல் துண்டு துண்டாக வந்து போகிறது. அன்றைக்கு அவளுக்கு 11 வயது, அப்பா சுரங்க வெடிப்பில் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன, தங்கையின் பழைய குழந்தைத் துணிகளைக்கூட யாரும் வாங்கவில்லை, அந்த மரத்தடியில் அவள் சாகத்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது தெரியாமல் பார்த்தால் அது வெறும் ஒரு பையன் ஒரு பெண்ணுக்கு ரொட்டி எறியும் காட்சிதான்.

ரொட்டி என்றதும் ரூவின் சாவுதான் ஞாபகம் வருகிறது, அரங்கத்தில் காட்னிஸோடு கூட்டுச் சேர்ந்த 11ஆம் மாவட்டத்துச் சிறுமி அவள். நாவலில் அவளுக்குப் பூ வைத்துவிட்டுக் காட்னிஸ் நடக்கும்போது ஒரு பாராசூட் இறங்குகிறது, உள்ளே 11ஆம் மாவட்டத்து ரொட்டி, இன்னும் சூடு ஆறவில்லை. பயிர் செய்கிறவர்கள், ஆனால் அந்தப் பயிரைத் தொட்டால் சாட்டையடி வாங்குகிறவர்கள், தங்களிடம் இல்லாத காசைத் திரட்டி வேறு மாவட்டத்துப் பெண்ணுக்கு ஒரு ரொட்டி அனுப்பியிருக்கிறார்கள். படத்தில் ரொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 11ஆம் மாவட்டத்தில் வெடிக்கும் கலவரத்தை வைத்தார்கள். அந்தக் கலவரத்தின் சில பகுதிகளை எடுத்தது இன்னொரு இயக்குநரான ஸ்டீவன் சோடர்பெர்க், இரண்டாவது குழுவுக்குப் பொறுப்பாக இருந்து, படத்தை இயக்கிய நண்பர் கேரி ராஸுக்காகச் செய்து கொடுத்தார். காட்சி நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது, தானியத் தொட்டிகள் கவிழ்வதைப் பார்க்கும்போது நெஞ்சு படபடக்கிறது. ஆனாலும் ரொட்டிக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. கோபத்தில் தொட்டியைக் கவிழ்ப்பது புரிகிற விஷயம், பட்டினி கிடப்பவர் சோறு அனுப்புவதைத்தான் யாராலும் கடந்துபோக முடியாது. இந்த மாற்றத்தின் விலை இரண்டாவது படத்தில் தெரியும். நாவலில் காட்னிஸ் 11ஆம் மாவட்ட மேடையில் பேசி முடிக்கும்போது கடைசியாக ரொட்டிக்கு நன்றி சொல்கிறாள், அந்த வார்த்தைக்குப் பிறகுதான் கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் விசில் அடிக்கிறார். படத்தில் ரொட்டியே வரவில்லை என்பதால் அந்த நன்றியையும் சொல்ல முடியாமல் போய்விட்டது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் படத்தை நான் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்? அந்த வேடிக்கைக் கூட்டத்தில் நம்மை உட்காரவைத்ததையே படம் சில இடங்களில் பிரமாதமாகப் பயன்படுத்திக்கொண்டது, அதனால்தான். போட்டியை நடத்தும் கட்டுப்பாட்டு அறை நாவலில் கிடையாது, காட்னிஸுக்கு அது தெரியவே தெரியாது. படத்தில் வெள்ளை உடை போட்ட இளைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து அமைதியாக, நல்ல ஊழியர்களாக, காட்டில் தீ வைக்கிறார்கள், மேசை மேல் ஒரு மிருகத்தை வடிவமைத்து அரங்கத்துக்குள் அனுப்புகிறார்கள். யாரும் கத்துவதில்லை, யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. கொலை ஒரு அலுவலக வேலையாக நடப்பதை அந்த அறை ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிறது. டிராக்கர் ஜாக்கர் குளவி என்றால் என்ன என்பதைக் காட்னிஸ் நினைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் சீசர் தன் நேயர்களுக்கு விளக்குகிறார், நாமும் அந்த நேயர்களாக உட்கார்ந்து சுவாரஸ்யமாகக் கேட்கிறோம். அடுத்த நிமிடம் ஒரு பெண் அந்தக் குளவி கொட்டிச் சாகிறாள். ஸ்னோ ரோஜாத் தோட்டத்தில் பேசும் காட்சிகளும் நாவலில் இல்லை. ஸ்னோவாக நடித்த டொனால்ட் சதர்லேண்ட் கதையைப் படித்துவிட்டு அதிகாரம் எப்படி யோசிக்கும் என்று இயக்குநருக்கு நீண்ட கடிதம் எழுதினார், அதன் விளைவாக ராஸ் அந்தக் காட்சிகளைச் சேர்த்தார். அவர் மட்டும் அதை எழுதாமல் இருந்திருந்தால் முதல் படத்தில் ஸ்னோ வந்துபோகிற ஒரு தாத்தாவாகவே இருந்திருப்பார்.

முதல் நாள் படுகொலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ் வாங்கியாக வேண்டும், இல்லையென்றால் நாவலைப் படித்த பிள்ளைகளில் பாதிப் பேரால் தனியாகப் போய்ப் பார்க்க முடியாது. பிரிட்டனில் 12ஏ சான்றிதழுக்காக 7 விநாடிகளை வெட்டினார்கள். ஆக, 24 பிள்ளைகளில் பலர் சில நிமிடங்களில் சாக வேண்டும், ரத்தமும் காட்டக் கூடாது. ஒளிப்பதிவாளர் டாம் ஸ்டெர்ன் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு அலைகிறார், படத்தொகுப்பு வெட்டி வெட்டிப் போகிறது, எதுவும் முழுதாகத் தெரிவதில்லை. பலருக்குத் தலை சுற்றியது, அந்தக் குறை நியாயமானதுதான், 12ஆம் மாவட்டத்துச் சாதாரணக் காட்சிகளில்கூட அந்த ஆட்டம் தேவையில்லை. ஆனால் படுகொலைக் காட்சியில் ஒலியை மட்டும் கவனியுங்கள். கத்தல், ஆயுதச் சத்தம் எல்லாம் அமுங்கிப்போய் லாரி ஸ்பீகல் 1972இல் உருவாக்கிய ஒரு மின்னணு இசை மட்டும் மெல்ல இரைகிறது. காதில் ரத்தம் ஏறி எதுவும் கேட்காமல் போகும் பயம் அது. அந்த ஒரு இடத்தில் படம் நிஜமாகவே அவள் தலைக்குள் போய்விட்டது, வசனமே இல்லாமல்.

அப்புறம் அந்த மூன்று விரல். நாவலில் அது 12ஆம் மாவட்டத்தின் பழைய வழக்கம், சாவு வீட்டில் எப்போதாவது பார்க்கக் கிடைப்பது, நன்றியும் மரியாதையும் விடைபெறுதலும் சேர்ந்தது. எழுத்தில் படிக்கும்போது ஒரு பத்தி. திரையில் பிரிமுக்குப் பதிலாகக் காட்னிஸ் முன்வந்ததும் கைதட்டச் சொல்லப்பட்ட கூட்டம் கைதட்டாமல் மௌனமாக விரல்களைத் தூக்கும்போது அது மொழியே தேவைப்படாத ஒரு வாக்கியமாகிவிட்டது. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே தெருவில் மக்கள் அதே விரல்களைத் தூக்கினார்கள், பிடிபட்டார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரின் ஐநா தூதர் சோ மோ துன், ராணுவப் புரட்சியைக் கண்டித்துப் பேசி முடித்துவிட்டுப் பொதுச்சபையில் நின்று அதையே செய்தார். ஒரு பத்தியைப் படித்து இது நடந்திருக்காது, அந்தக் காட்சியைப் பார்த்ததால்தான் நடந்தது.

ஒரு நாவலைப் படமாக்கும்போது எல்லாமே இப்படிக் கொடுக்கல் வாங்கல்தான் என்றும் சொல்லிவிட முடியாது, சில நாவல்களில் கொடுப்பது மட்டும்தான் இருக்கிறது. லோயிஸ் லோரியின் தி கிவர் 1993இல் வந்தது, அந்த உலகத்தில் நிறமே இல்லை என்பது பாதிப் புத்தகம் போன பிறகுதான் நமக்குத் தெரியும், ஏனென்றால் சிறுவனுக்கே தெரியாது. 2014இல் படமாக்கியபோது என்ன செய்ய முடியும்? முதல் காட்சியிலேயே கறுப்பு வெள்ளை. ரகசியம் திரை விலகியதுமே போய்விட்டது. ஹங்கர் கேம்ஸ் அந்த அளவுக்கு எதையும் இழக்கவில்லை.

அடுத்த படங்களைக் கட்டாயம் பாருங்கள். இரண்டாவது படமான கேச்சிங் ஃபயர் முதலாவதைவிட நல்ல படம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இயக்குநர் மாறினார், பிரான்சிஸ் லாரன்ஸ் வந்தார், கேமரா நிலையாக நின்றது, முதல் படத்துக்குச் சுமார் 8 கோடி டாலர் என்றால் இதற்கு 13 கோடி வரை செலவழித்தார்கள், அது திரையில் தெரிகிறது. அரங்கக் காட்சிகளை ஐமேக்ஸ் கேமராவில் எடுத்தார்கள், காட்னிஸ் குழாய் வழியாக மேலே வரும்போது திரையே விரியும். பெரிய திரையில் கிடைத்தால் விடாதீர்கள். மூன்றாவது நாவலை இரண்டு படமாகப் பிரித்தது வியாபாரம், அதில் முதல் பாதி இழுக்கும். ஆனால் காட்னிஸை வைத்துப் பிரச்சாரப் படம் எடுக்க முயலும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள், எழுதிக் கொடுத்த வசனத்தை அவள் எவ்வளவு மோசமாகச் சொல்கிறாள் என்று. நடிக்கச் சொன்னால் நடிக்க வராதவள் என்பது நாவலில் அவளே சொல்லிக்கொள்வது, அங்கே அதைக் கண்ணால் பார்க்கிறோம்.

முதல் படத்தையும் இன்னொரு தடவை பாருங்கள், இந்த முறை நாவலோடு ஒப்பிடாமல், ஒவ்வொரு காட்சியிலும் காட்னிஸை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் கவனித்து. காட்டில் அவள் நேராகக் கேமராவைப் பார்க்கும் இடங்கள் வேறு மாதிரி தெரியும்.

தங்கைக்கு முதலில் புத்தகம். படத்தின் வன்முறையை நினைத்து இதைச் சொல்லவில்லை, ரத்தம் நாவலில்தான் அதிகம், அதை மனதில் வைத்துக்கொண்டே கொடுங்கள், கடைசியில் அந்த ஓநாய்களுக்கு இறந்த பிள்ளைகளின் கண்கள் இருக்கும் பகுதி அவளைத் தூங்கவிடாமல் செய்யலாம், அந்த இரவு நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது. புத்தகத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் அந்தத் தண்ணீர்தான். ஹேமிட்ச் ஏன் எதையும் அனுப்பவில்லை என்று அவள் காட்னிஸோடு சேர்ந்து தாகத்தோடு யோசிக்க வேண்டும், ஒருவேளை காட்னிஸுக்கு முன்னாடியே அவள் கண்டுபிடித்துவிட்டு உங்களிடம் ஓடிவந்து சொல்லலாம். கட்டுப்பாட்டு அறையை ஏற்கெனவே பார்த்தவளுக்கு அது நடக்காது.